ஐந்து மாதத்தில் தேய்ந்த பிரேக்

ஜூன் 3, செவ்வாய்

முன் சக்கரத்தில் கீச்சென்று சத்தம் வருகிறது, பிரேக் மிதிக்கும்போது மட்டும். ஆனைமலை போய்த் திரும்பும்வரை கேட்டுக்கொண்டே இருந்தது. இவர் ரேடியோவைக் கூட்டி வைத்தார். பாட்டு வைத்தால் பிரேக் சரியாகிவிடுமாக்கும். பிரேக் பேடு தேய்ந்தால் இப்படித்தான் கத்தும் என்று கல்யாணமான புதிதில் எனக்குச் சொல்லிக் கொடுத்ததே இவர்தான்.

பொங்கலுக்குத்தான் புது பேடு போட்டது. அதற்கு முன் போட்டது இரண்டு வருஷம் முழுசாக வந்தது. இது ஐந்தே மாதத்தில் போய்விட்டது. "டூப்ளிகேட் மாலக் குடுத்துட்டானம்மணி" என்கிறார். இருக்கும். இந்தக் காலத்தில் எதில்தான் டூப்ளிகேட் இல்லை.

பொள்ளாச்சி ஸ்டாண்டில் நாச்சிமுத்து வண்டி என்றால் எல்லோருக்கும் தெரியும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இவர் வாடகைக் கார் ஓட்டுகிறார். மாசியிலிருந்து நானும் முன் சீட்டில் உட்கார்ந்து கூடப் போகிறேன். தைத்துத் தைத்து இடுப்பு போய்விட்டது, வெளிக்காற்று பட்டால் நல்லது என்று சவாரி ஏறுகிறவர்களிடம் சொல்வேன். என் வாய் சும்மா இருக்காது. "முன்னாடி ஆட்டோ நிக்குதுங்க, இடது பக்கம் மாடு, சிக்னல் செவப்பு" என்று எதையாவது சொல்லிக்கொண்டே வருவேன். இப்படியும் ஒரு லொடலொடப் பொம்பளை உண்டா என்று பின் சீட்டில் நினைப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

தைக்க வேண்டிய ஜாக்கெட் எட்டு மிஷின் மேலேயே கிடக்கிறது. தைக்கக் கொடுத்த ரமணியக்கா இரண்டு தடவை போன் செய்துவிட்டாள்.

ஜூன் 4, புதன்

கோயமுத்தூர் சவாரி, போக வர. தொண்டை கட்டிவிட்டது.

ஜூன் 6, வெள்ளி

சத்தம் தாங்க முடியாமல் ரபீக் பாய் ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். இவர் வண்டியைப் பத்து வருஷமாகப் பார்க்கிறவர் அவர். சக்கரத்தைக் கழற்றி, பேடைக் கையில் எடுத்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்ணா, வண்டில யாராச்சும் பழகறாங்களா?"

"யாரு பழகறது? நாந்தான் ஓட்டறேன்."

"இல்லீங்ணா, எல் போர்டு வண்டிலதான் இப்படித் தேஞ்சு வரும். பயந்து பயந்து தொட்டதுக்கெல்லாம் மிதிப்பாங்க பாருங்க, அந்தத் தேய்மானம் இது. நீங்க ஓட்டற வண்டில இப்படி வராதே."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் மூலையில் கிடந்த பழைய டயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவருக்கு மூஞ்சி சிவந்துவிட்டது. "சக்கரத்த மாட்டு பாய். நானே வூட்ல போட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டார். வழியெல்லாம் அவருக்கு வசவு. கொழுப்பு, திமிர், நேற்றுப் பையன். ரபீக் பாய்க்கு நாற்பது வயசு.

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நின்று பேடு வாங்கினோம். நம் வண்டிக்கு உள்ளதுதானா என்று பெட்டியைப் பார்த்து என்னைப் படிக்கச் சொன்னார், எழுத்து பொடியாக இருக்கிறதாம். எழுத்து என் கட்டைவிரல் அகலம் இருந்தது. படித்துச் சொன்னேன்.

சர்க்கரையால் கண்ணில் கொஞ்சம் புகை மாதிரி இருக்கிறது இவருக்கு. மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறார். சித்திரையில் கண் டாக்டர் இவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் ஒன்று சொன்னார். நேரம் பார்த்து இவரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். இங்கேயும் அதை எழுத வேண்டாம்.

ஜூன் 8, ஞாயிறு

பேடு மாற்றியாயிற்று. விவரமாக எழுதினால்தான் மனசு ஆறும்.

காலையில் சாப்பிட்டதும் வாசலில் பழைய சாக்கை விரித்து உட்கார்ந்தார். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் நான் செங்கல் வைத்தேன். நட்டுகளைத் தளர்த்தி, ஜாக்கி போட்டு, இடது முன் சக்கரத்தைக் கழற்றினார். நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற ஆள். "பதினாலு" என்பார், கொடுப்பேன். கண் இரண்டும் எதிர்வீட்டுத் தென்னை மரத்தில் இருந்தன, கைதான் வேலை செய்தது. அதைப் பார்க்க எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற இரும்புக்கு கேலிப்பர் என்று பேர். கீழ் போல்ட்டைக் கழற்றினால் அதை மேலே தூக்கிவிடலாம். உள்ளே டிஸ்க்குக்கு இந்தப் பக்கம் ஒரு பேடு, அந்தப் பக்கம் ஒரு பேடு. புது பேடுக்கு ஒரு முகம் வெறும் இரும்புத் தகடு, மறுமுகம் கருப்பாகச் சொரசொரவென்று இருக்கும். கருப்பு முகம்தான் டிஸ்க்கைப் பார்த்து இருக்க வேண்டும். பழையதில் அந்தக் கருப்பு, தோசைக் கனம்கூட இல்லை. பேடை அழுத்துகிற பிஸ்டனை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி உள்ளே தள்ளும்போது, "பிரேக் ஆயில் பொங்குதா பாரம்மணி" என்றார். பார்த்தேன், பொங்கவில்லை. இடது பக்கம் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. "அவன்கிட்டப் போயி நிக்கோணுமா நான்?" என்று சிரித்தார். மாசிக்குப் பிறகு இவர் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

வலது பக்கத்தில்தான் வினை. விரல் நுனியெல்லாம் மரத்துப் போகிறது என்று கொஞ்ச நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். போன வாரம் கொதிக்கிற டம்ளரைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றார், நான்தான் பிடுங்கினேன். இன்று கையெல்லாம் கிரீஸ் வேறு. வெளிப்பக்க பேடைச் சரியாக வைத்தார். உள்பக்கத்து பேடைக் கையில் வைத்து ஒரு தடவை தடவினார், இன்னொரு தடவை தடவினார், உள்ளே நுழைத்தார். தகடு முகம் டிஸ்க்கைப் பார்த்து உட்கார்ந்தது.

நான் பார்த்தேன். மாத்தி வெச்சுட்டீங்க என்று சொல்ல வாயைத் திறந்தும்விட்டேன். அதற்குள் கேலிப்பரை இறக்கி போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தார். முகத்தில் அத்தனை நிம்மதி. இந்த ஒரு சொல்லைச் சொன்னால் அதோடு நிற்காது, மாசியிலிருந்து சொல்லாதது எல்லாம் பின்னாலேயே வரும். எனக்குத் தைரியம் வரவில்லை.

"டீ வெச்சிருக்கறனுங்க. கையக் கழுவிட்டுக் குடிச்சுட்டு வாங்க, சக்கரத்த அப்பறம் மாட்டிக்கலாம்."

உள்ளே போனார். நான் பதினாலாம் நம்பரை எடுத்து போல்ட்டைக் கழற்றினேன். இரண்டு தடவை ஸ்பேனர் நழுவியது. கேலிப்பரைத் தூக்கி, பேடைத் திருப்பி, கருப்பு முகத்தை டிஸ்க்கோடு சேர்த்து வைத்து, என்னால் ஆனமட்டும் முறுக்கினேன். சேலையெல்லாம் கரி. இவர் வரும்போது ஸ்பேனர் இருந்த இடத்தில் இருந்தது.

சக்கரத்தை மாட்டும் முன் எதற்கும் ஒரு தடவை என்று போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டார். அது இன்னும் கால் சுற்று திரும்பியது. இவர் முறுக்கின போல்ட் அப்படித் திரும்பாது. ஸ்பேனரை எடுத்துவிட்டு போல்ட்டின் தலையை விரலால் தடவினார். "அடுப்புல பருப்பு இருக்குது, பாக்கறேன்" என்று நான் உள்ளே வந்துவிட்டேன்.

பிரேக் பெடலை அது கெட்டியாகும்வரை மிதித்துக்கொண்டிருந்த சத்தம் சமையல்கட்டுவரை கேட்டது. சேலையை சோப்புப் போட்டுத் தேய்த்தேன். கறை போகவில்லை.

சாயங்காலம் ஓசூரிலிருந்து பையன் நவநீதன் பேசினான். அப்பா எப்படி இருக்காருங்மா என்றான். நல்லா இருக்காருடா, இன்னிக்கு அவரே பிரேக் மாத்தினாரு என்றேன். சூப்பர்மா என்றான்.

ஜூன் 9, திங்கள்

பிரேக் வெண்ணெய் மாதிரி பிடிக்கிறதாம். ஸ்டாண்டில் எல்லோரிடமும் சொல்லியாயிற்று. ரபீக் பாய்க்குப் போன் போட்டு, "நானே போட்டேன், வந்து பாரு பாய், தொட்டா நிக்குது" என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

மத்தியானம் சாப்பிடும்போது சொன்னார். "இனி நீ கூட வரவேண்டாமம்மணி. பிரேக்குதான் தகராறு பண்ணிட்டிருந்துது. இப்பத்தான் சரியாயிருச்சே, நீ உன் தையலப் பாரு."

இவர் தட்டில் மோர் ஊற்றினேன். அந்தப் பேடைத் திருப்பி வைத்ததற்குப் பதிலாக அப்படியே விட்டிருந்தால் வண்டி கரகரவென்று கத்தியிருக்கும். தன் கை தப்பியது தனக்கே தெரிந்திருக்கும். நான் பெரிய புத்திசாலி. இருந்த ஒரே பயத்தையும் எடுத்துவிட்டு இவரை ரோட்டுக்கு அனுப்புகிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

வெயில் ஏறும் முன்னே தனியாகக் கிளம்பிவிட்டார். கிணத்துக்கடவு சவாரி. நானும் வர்றேன், அங்கே லைனிங் துணி வாங்க வேண்டும் என்றேன். பொள்ளாச்சியில் இல்லாத துணியா என்று கேட்டார்.

மிஷினில் உட்கார்ந்தேன். ஒரு ஜாக்கெட்டுக்கு இரண்டு கையும் வலது கையாகவே வெட்டிவிட்டேன். ரோட்டில் எந்த வண்டி ஹாரன் அடித்தாலும் எழுந்து போய்ப் பார்த்தேன். போன் செய்யவும் பயம், எடுக்கிறேன் என்று ரோட்டை விட்டுக் கவனம் போய்விடுமே என்று.

மூன்று மணிக்கு வந்தார். இடது பக்கக் கண்ணாடி இல்லை, வயர் மட்டும் தொங்குகிறது. கதவில் நீளமாக மஞ்சள் பெயிண்ட். "நிறுத்தி வெச்ச எடத்துல எவனோ இடிச்சுட்டுப் போயிட்டான்" என்றார். சட்டை பூராவும் வேர்வை. காலைத் தொட்டுக் கும்பிட்டாவது தடுக்க வேண்டும் என்று தோன்றியது. "பரவால்லீங்க, வேற மாட்டிக்கலாம்" என்று சொன்னேன்.

நாளையிலிருந்து நீயும் வா என்று அவராகவே சொன்னார். பேச்சுத் துணைக்காம்.

ஜூன் 12, வியாழன்

ரங்கநாயகி டீச்சரின் சவாரி. ரிட்டயர் ஆனவர். வாரா வாரம் உடுமலையில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்கு இவர் வண்டியில்தான் போவார். இன்று போகும்போது ஏதோ கதை பேசிக்கொண்டு வந்தார். திரும்பும்போது பேச்சே இல்லை. நான் சொல்வதை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தார் என்று நினைக்கிறேன். "லாரி எதுக்க வருதுங்க, கொஞ்சம் எடது. இன்னும் எடது. போதும். இப்ப நேரா."

வீட்டு வாசலில் இறங்கியதும் என் பக்கம் வந்து, ஜன்னல் வழியாகக் கையை விட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடுத்த வாரத்துலிருந்து நான் பஸ்ல போய்க்கறேன் துளசிமணி."

"ஏனுங் டீச்சர்?"

"நீங்களும் பஸ்ல போயிப் பழகுங்க" என்றார். குரலில் கோபமே இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

"டீச்சர் என்ன சொல்றாங்க?" என்று இவர் கேட்டார். டீச்சர் தங்கச்சி வெளியூர் போகிறாராம், கொஞ்ச நாள் சவாரி இல்லையாம் என்று சொல்லிவைத்தேன். இவரோடு இருந்து பொய் சொல்ல நன்றாகப் பழகிவிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

ஜாக்கெட் இரண்டு முடிந்தது. எழுத வேறொன்றும் இல்லை.

ஜூன் 14, சனி

இன்று சொல்லிவிடுவது என்று குளித்துச் சாமி கும்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே துடைக்கிறார், பின்னால் ஒரு பக்கம் பூராவும் சேறு அப்படியே இருக்கிறது.

"ஏனுங் மாமா, கொஞ்ச நாளைக்கு வண்டிய விட்டுட்டு ரெஸ்ட் எடுத்தா என்னங்க?"

துணியைப் பிழிந்தார். "ஸ்டாண்டுல வண்டி இருக்கறவனுக்குத்தான் பெஞ்சுல எடம். வண்டிய வித்தவன் ஒருத்தன் ரெண்டு நாள் வருவான். மூணாம் நாளு அவன் எடத்துல வேற ஆளு உக்காந்திருப்பான். நான் பாத்திருக்கறேன்."

"நான் இல்லீங்களா வூட்ல?"

"நீ இருக்கறே" என்றார். அவ்வளவுதான். இந்த மனுசனிடமிருந்து வண்டியைப் பிடுங்கிவிட்டு நான் எதைக் கொடுப்பேன்? ஒன்றும் இல்லை என்னிடம்.

பின்பக்கச் சேற்றை நான் கழுவினேன்.

ஜூன் 16, திங்கள்

இன்றே எழுதிவிட வேண்டும். எழுத்து கோணலாக வந்தாலும் சரி.

காலையில் கோமங்கலத்தில் ஒரு சவாரி ஏற்றப் போனோம். தூறல். பள்ளிக்கூட நேரம். நான் சொல்லிக்கொண்டே வந்தேன். பஸ், சைக்கிள், குழி, மறுபடி பஸ். ஒரு திருப்பம் தாண்டும்போது ரமணியக்காவின் போன். எடுக்கக்கூடாது என்று கட் பண்ணினேன், போன் மடியிலிருந்து நழுவி காலடியில் விழுந்தது. குனிந்தேன். எடுத்துவிட்டு நிமிர்ந்தேன். அவ்வளவு நேரம்தான்.

முன்னால் ஒரு பெண் குழந்தை. நடுரோட்டில்.

என்ன கத்தினேன் என்று நினைவில்லை. இவர் பிரேக்கை மிதித்தார். வண்டி முன்னால் குத்தி நின்றது, என் நெற்றி டேஷ்போர்டில் இடித்தது. நிமிர்ந்தால் அந்தக் குழந்தை பேனட் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நிற்கிறது. எட்டு வயசு இருக்கும். சாப்பாட்டுப் பை கீழே விழுந்து கிடக்கிறது. அழக்கூட இல்லை. கண்ணாடி வழியாக நேராக இவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இவரும் நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மணி? என்ன இருந்துச்சு அங்க? நாயா?"

ஆமாங்க, நாய்தான், ஓடிருச்சு என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அத்தனை சுலபமாக வந்தது. அந்தக் குழந்தையின் விரல் பத்தும் பேனட்டில் விரிந்திருந்தன. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் அதைச் சொல்ல முடியவில்லை.

"புள்ளைங்க மாமா. பள்ளிக்கூடத்துப் புள்ள."

"எங்க?"

"உங்களுக்கு நேரா. வண்டியத் தொட்டுட்டு நிக்குது."

ஸ்டீரிங் மேல் சாய்ந்து, கண்ணாடியில் மூக்கு படுகிற மாதிரி முன்னால் வந்தார். வைப்பர் ஒரு தடவை போய் வந்தது. குழந்தை அப்படியே நின்றது.

"அடிபட்டுருச்சா?"

"இல்லீங்க. உங்களத்தான் பாத்துட்டிருக்குது."

மறுபடி சீட்டில் சாய்ந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நான் எங்க பாத்துட்டிருக்கறேன்?"

"அந்தப் புள்ளையத்தாங்க" என்றேன்.

வண்டியை ஆஃப் செய்தார். நான் இறங்கிப் போய்ப் பையை எடுத்துக் கொடுத்தேன், தலையைத் தடவினேன். என் கை பட்டதும்தான் அதற்கு அழுகை வந்தது. டீக்கடைக்காரர் ஒருவர் வந்து அதை ரோட்டைத் தாண்டிக் கூட்டிக்கொண்டு போனார். பின்னால் வரிசையாக ஹாரன். இவர் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். நாலு பேர் சேர்ந்து வண்டியை ஓரம் தள்ளும்போதும் உள்ளேதான் இருந்தார். தள்ளுகிறவர்களுக்கு என்ன கோளாறு என்று தெரியவில்லை. பிரேக் ஜாமாயிருச்சுங்களா என்று ஒருவர் கேட்டார்.

டாக்டர் சொன்னதை அங்கேயே, வண்டிக்குள்ளேயே சொல்லிவிட்டேன். இனி ஸ்டீரிங்கைத் தொடவே கூடாது, போன பார்வை திரும்பாது, மிச்சமும் போகும். எல்லாம். எனக்கு முன்னமே தெரியும் என்றார். சித்திரையிலேயா என்றேன். அதற்கு முன்பே என்றார். பிறகு என்மேல் கோபப்பட்டார், "தெரிஞ்சும் ஏன் பக்கத்துல உக்காந்து ஓட்ட வெச்சே" என்று. நானும் விடவில்லை, "தெரிஞ்சும் ஏன் ஓட்டுனீங்க" என்று கேட்டேன். மழை வலுத்துவிட்டது. சவாரிக்காரர் போன் மேல் போன் போட்டார், எடுக்கவில்லை.

வண்டியை அங்கேயே விட்டு, சாவியை அந்த டீக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தோம். அந்தக் குழந்தையின் பேரைக்கூடக் கேட்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். நானும் சமைக்கவில்லை.

ஜூன் 18, புதன்

ரபீக் பாயிடம் எல்லாவற்றையும் போனில் சொல்லி, வண்டியை வீட்டில் கொண்டுவந்து விடச் சொல்லியிருந்தேன். பதினோரு மணிக்குக் கொண்டுவந்தார். வண்டிச் சத்தம் கேட்டதும் இவர் எழுந்து, முகம் கழுவி, சட்டை போட்டுக்கொண்டு வந்து வாசல் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் படியில் உட்கார்ந்திருந்தேன்.

ரபீக் பாய் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார். "பிரேக் நல்லா இருக்குதுங்ணா" என்றார். "நல்லாப் போட்டிருக்கீங்க."

"ம்" என்றார் இவர்.

"இந்தாங்ணா, சாவி."

ரபீக் பாய் சாவியை நீட்டினார். இவரும் கையை நீட்டினார். இரண்டு கைக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது. இவர் கை வெறும் காற்றில், தூண் பக்கமாகப் பார்த்து நின்றது. ரபீக் பாய் என்னைப் பார்த்தார். இத்தனை நாளும் இந்த மாதிரி நேரத்தில் நான் எழுந்துவிடுவேன். நடுவில் புகுந்து வாங்கிக் கொடுத்து, ஏதாவது பேசி, யாரும் கவனிக்காமல் பார்த்துக்கொள்வேன். இன்று எழுந்திருக்கவில்லை. என்னால் ஆகவில்லை என்றும் சொல்லலாம், வேண்டாம் என்று இருந்துவிட்டேன் என்றும் சொல்லலாம்.

நீட்டிய கையை இவர் மடக்கவில்லை. கொஞ்சம் இடது பக்கம் நகர்த்திப் பார்த்தார், அப்புறம் வலது பக்கம். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கவும் இல்லை.

"எங்க பாய் இருக்கறே?" என்று கேட்டார்.